ஆயில் ஊறிய வண்டி

போன சனிக்கிழமை எனக்கு வழியனுப்பு விழா நடந்தது. உங்களில் பாதிப் பேர் அன்றைக்குத்தான் வேலையில் சேர்ந்தீர்கள். அதனால் சர்வீஸ் சென்டர் வாசலில் கட்டியிருந்த ஃபிளெக்ஸைப் பார்த்துக் குழம்பியிருப்பீர்கள். "பணி ஓய்வு பெறும் எங்கள் மூத்த பொறியாளர் தம் ஓய்வுக்காலத்தை நீண்ட ஆயுளோடும் நிறைந்த ஆரோக்கியத்தோடும் கழிக்க வாழ்த்துகிறோம்" என்று அதில் இருந்தது. எனக்கு வயது முப்பத்திரண்டு. திருச்சியில் உள்ள பயிற்சி மையத்துக்கு மாற்றலாகிப் போகிறேன், அவ்வளவுதான். ஆனால் நம் ஊர் ஃபிளெக்ஸ் கடையில் ஒருவரை வழியனுப்ப இரண்டே மாதிரிகள் இருக்கின்றன. ஒன்று பணி ஓய்வு. இன்னொன்றில் போட்டோவுக்கு மாலை போட்டிருக்கும். இருப்பதில் நல்லதைத்தான் நம் ஆட்கள் எடுத்திருக்கிறார்கள்.

சால்வை போர்த்தினார்கள். வீட்டிலேயே ரத்த அழுத்தம் பார்க்கும் மெஷின் ஒன்றைப் பரிசாகத் தந்தார்கள். பணி ஓய்வு பெற்றவர் செய்ய வேண்டியதில் ஒன்றே ஒன்றுதான் பாக்கி, இளையவர்களைப் பிடித்து உட்காரவைத்து அனுபவம் சொல்வது. அதையும் முடித்துக் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறேன்.

நாளை முதல் முன் கவுண்டரில் நீங்கள் உட்காரப்போகிறீர்கள். உங்களிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி, "இந்த வண்டிக்கு எந்த ஆயில் ஊத்தலாம்?" என்பதுதான். நான் எதையும் எண் போட்டுச் சொல்பவள். நம் ஹெட் மெக்கானிக் பஷீர் பாய் அதற்காகவே எனக்கு நம்பர் மேடம் என்று பெயர் வைத்திருக்கிறார். ஆகவே எண் போட்டே சொல்கிறேன்.

டர்போ டீசல் வண்டிக்கு ஆயில் எடுக்கும்போது நான் பார்ப்பது நான்கு. ஒன்று, வண்டியோடு வந்த கையேட்டில் என்ன குறியீடு போட்டிருக்கிறது என்பது. டப்பாவின் முன்பக்கம் பெரிதாக இருக்கும் எண் மட்டும் பொருந்தினால் போதாது. பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் தரக் குறியீடும் பொருந்த வேண்டும். இரண்டு, புகைக்குழாயில் கரி வடிகட்டி இருக்கிறதா என்பது. இருந்தால், எரிந்து சாம்பல் அதிகம் விடாத ஆயில்தான் ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். மூன்று, டர்போ. உள்ளங்கையில் அடங்கும் ஒரு சக்கரம் இன்ஜினைவிடப் பல மடங்கு வேகத்தில், இரும்பு பழுக்கும் சூட்டில் சுற்றுகிறது. அதன் அச்சு மெல்லிய ஆயில் படலம் ஒன்றின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கூழ் போலக் கெட்டியான ஆயிலை ஊற்றினால், காலையில் ஸ்டார்ட் செய்ததும் அது டர்போவுக்குப் போய்ச் சேர நேரமாகும். அந்தக் கொஞ்ச நேரம் அச்சு காய்ந்து கிடக்கும்.

நான்காவதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்காகத்தான் இந்தக் கதையே.

கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களின் சோதனைகள் வேறு. ஆயிலை இரண்டு விரலால் தேய்த்துப் பார்ப்பார்கள். பிசுபிசுப்பாக இருந்தால் சத்துள்ளது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள். தேன் நிறத்தில் இருந்தால் சுத்தமானது. ஒரத்தநாட்டிலிருந்து வந்த ஒருவர் முகர்ந்து பார்த்துவிட்டு, இது புது மகசூல் இல்லை என்று திருப்பித் தந்தார். இவர்களோடு சண்டை போடாதீர்கள். கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ஒருவர் வந்து, "என் வண்டியில ஆயில் குறையவே குறையாதுங்க" என்று பெருமையாகச் சொன்னால் மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நில்லுங்கள்.

கலியபெருமாளும் செல்வராசுவும் அண்ணன் தம்பி. திருவிடைமருதூரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். அண்ணன் விவசாயம் பார்க்கிறார், சொந்தமாக அறுவடை மெஷின் வைத்திருக்கிறார். தம்பி கணக்கு வாத்தியார். வீட்டைப் பிரித்து, நிலத்தைப் பிரித்து, போர்செட்டுக்கு நேரம் பிரித்து, பிரிக்க ஒன்றும் மிச்சமில்லாமல் போன பிறகு இருவரும் சேர்ந்து ஒரு கார் வாங்கினார்கள். ஏழு பேர் உட்காரும் டர்போ டீசல் வண்டி.

அதற்கும் முறை வைத்தார்கள். வாய்க்கால் தண்ணீருக்கு வைப்பது போலத்தான். அமாவாசையிலிருந்து பௌர்ணமி வரை வண்டி அண்ணன் வாசலில் நிற்கும். பௌர்ணமியிலிருந்து அமாவாசை வரை தம்பி வாசலில். ஒப்படைக்கிற நாளில் வண்டியைக் கழுவி, டீசல் நிரப்பி, சந்தனம் குங்குமம் வைத்துக் கொண்டுபோய் விடுவார்கள். பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புவது போல மாதத்துக்கு இரண்டு தடவை நடக்கும்.

இலவச சர்வீஸ்கள் முடிகிற வரை வண்டி நம்மிடம் வந்தது. பெரும்பாலும் அண்ணன் மகள் கயல்விழிதான் ஓட்டிக்கொண்டு வருவாள். எனக்கு அவளைப் பிடிக்கும். என்னைப் போலவே கேள்வியை வரிசைப்படுத்திக் கேட்பாள். இலவசம் முடிந்ததும் வண்டி வருவது நின்றுவிட்டது. காரணம் பிறகுதான் தெரிந்தது. ஆயில் குறைந்தால்தானே சர்வீஸ்? அந்த வண்டியில் ஆயில் குறையவே இல்லை. ஆயில் அளக்கும் குச்சியை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் மேல் கோட்டையும் தாண்டி இருந்தது. கலியபெருமாள் தன் ஊர் டீக்கடையில் இதைப் பற்றி விளக்கம் சொல்லியிருக்கிறார். நல்ல கிணற்றில் இறைக்க இறைக்கத் தண்ணீர் ஊறுவது போல, சில ராசியான வண்டிகளில் ஆயில் ஊறும் என்று.

கயல்விழிக்குக் கல்யாணம் முடிவானது. முதல் பத்திரிகையைத் திருவிடைமருதூர் மகாலிங்க சுவாமிக்கு வைப்பதற்காக இரண்டு குடும்பமும் ஒரே வண்டியில் போனார்கள். நான் இங்கே கவுண்டரில் காலை வேலையில் இருந்தேன். கயல்விழியிடமிருந்து போன் வந்தது. பின்னால் ஏதோ ரைஸ் மில் ஓடுவது போல் இரைச்சல்.

"அக்கா, நான் கயல் பேசுறேன். சாமி கும்பிட்டுட்டு வந்து வண்டிய எடுத்தோம். எடுத்ததும் அதுவா கத்த ஆரம்பிச்சிடுச்சு. அப்பா ஆஃப் பண்ணிட்டாங்க."

"ஆஃப் பண்ணியாச்சுன்னா பயமில்ல கயல்."

"சாவி அப்பா கையில இருக்கு அக்கா. வண்டி ஓடிக்கிட்டே இருக்கு."

இதைப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். நேரில் பார்த்தவர்கள் குறைவு. இன்ஜினில் ஆயில் அளவுக்கு மேல் இருந்தால், அடியில் சுழலும் கிராங்க் தண்டு அதை அடித்து நுரைக்க வைக்கும். நுரைத்த ஆயில் காற்று வெளியேறும் குழாய் வழியாக ஏறி டர்போவுக்குள் போய்ச் சேரும். டர்போ அதைக் காற்றோடு சேர்த்து இன்ஜினுக்கு ஊட்டும். டீசல் இன்ஜினுக்குத் தீப்பொறி தேவையில்லை, உள்ளே வந்தது எதுவானாலும் எரிக்கும். நீங்கள் சாவியைத் திருப்பினால் டீசல் நிற்கும். அது டீசலை நம்பி ஓடினால்தானே? தன் ஆயிலையே குடித்துக்கொண்டு, வேகம் ஏற ஏற இன்னும் குடித்துக்கொண்டு, உள்ளே ஏதாவது உடைகிற வரை ஓடும்.

நிறுத்த இரண்டு வழிகள். ஒன்று, காற்று போகும் வாயை அடைப்பது. அதற்கு பானெட்டைத் திறந்து, குழாயைக் கழற்றி, கெட்டியான பலகையால் மூட வேண்டும். துணியோ கையோ வைத்தால் உறிஞ்சி இழுத்துக்கொள்ளும். இரண்டு, உள்ளே ஏறி உட்கார்ந்து, பிரேக்கை முழுதாக மிதித்து, மேல் கியரில் போட்டு, கிளட்சைச் சட்டென்று விட்டு இன்ஜினை மூச்சுத் திணற வைப்பது. இதற்கு யாராவது அந்த வண்டிக்குள் ஏற வேண்டும். முடிவு எடுப்பதற்கு முன் அங்கே என்ன நிலவரம் என்று கயலைக் கேட்டேன். அவள் வரிசையாகச் சொன்னாள்.

தேரோடும் வீதி முழுக்க நீலமும் வெள்ளையுமாகப் புகை. எதிர் வரிசை வீடுகளில் கொசு மருந்து அடிக்கிறார்கள் என்று நினைத்து ஜன்னலைச் சாத்திக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் மட்டும் வெளியே வந்து, எங்கள் சந்துப் பக்கமும் கொஞ்சம் காட்டுங்கள் என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். வண்டியைச் சுற்றிக் கூட்டம். சாவி இல்லாமல் ஓடும் வண்டிக்கு அருள் வந்திருப்பதாக ஓர் அம்மா தீர்மானித்து, வந்திருப்பது யார், என்ன வேண்டும் என்று பானெட்டைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார். பூக்கடைக்காரர் எலுமிச்சம்பழம் கொடுத்திருக்கிறார்.

"அக்கா, கற்பூரத் தட்டு வருது."

நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். சூடேறிய இன்ஜின், சுற்றிலும் ஆயில் புகை, அதற்கு ஆரத்தி.

"கயல், முதல்ல கற்பூரம் தூரப் போகணும். அந்த அம்மாகிட்ட, சாமி தீபம் வேணாங்குதுன்னு சொல்லு."

கயல் அப்படியே சொன்னாள். சாமியே வேண்டாம் என்றால் யார் மறுப்பது? தட்டு பின்வாங்கியது. கூட்டத்தையும் பின்வாங்கச் சொன்னேன். வழக்கமாக நான் சொல்லக்கூடியது, எல்லாரும் தள்ளி நின்று அது தானாக நிற்கும் வரை பாருங்கள் என்பதுதான். இன்ஜினைவிட ஆள் முக்கியம், இதை மறக்காதீர்கள். ஆனால் அது கோயில் வீதி. போகச் சொன்னால் போகிற கூட்டமும் இல்லை அது, அருளைப் பார்க்க வந்த கூட்டம். வண்டியிலிருந்து இரும்பு இடிக்கும் சத்தம் ஏதாவது வருகிறதா என்று கேட்டேன். இல்லை, ஒரே சீரான கத்தல்தான் என்றாள். அப்படியானால் இன்னும் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது. விருப்பமுள்ள ஒருவர் மட்டும் ஏறி கியரில் போடட்டும், இடிக்கும் சத்தம் கேட்டால் உடனே இறங்கி ஓடட்டும் என்றேன்.

விருப்பமுள்ளவர் இரண்டு பேர் இருந்ததில்தான் தாமதம். போனில் எனக்கு எல்லாம் கேட்டது.

"அண்ணே, நீங்க எறங்குங்க. முட்டிவலிய வச்சுக்கிட்டு ஓட முடியாது."

"உனக்குப் புள்ளைங்க சின்னதுடா. தள்ளுடா அங்கிட்டு."

டிரைவர் இருக்கையில் பாதியில் அண்ணனும் மீதியில் தம்பியும் உட்கார்ந்திருப்பதாக கயல் சொன்னாள். எனக்கு நேரமில்லை. யார் கால் பிரேக்கில் இருக்கிறதோ அது அப்படியே இருக்கட்டும், ஹேண்ட் பிரேக்கையும் இழுக்கட்டும், மற்றவர் கை கியரைப் போடட்டும் என்றேன். அண்ணன் பிரேக், தம்பி கியர், கிளட்ச் யாருடையது என்று இன்று வரை தெரியாது. அவள் கத்தினாள், அவர்கள் போட்டார்கள். வண்டி ஒரு முறை உதறி, முன்னால் ஓரடி துள்ளி, நின்றது.

போனில் சத்தமே இல்லை. பிறகு அந்த அம்மாவின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

"மலையேறிட்டா."

வண்டியை டிராக்டரில் கட்டி நம்மிடம் கொண்டு வந்தார்கள். ஒரு டிராக்டர் போதும். ஆனால் இரண்டு வந்தன. பாதி வழி அண்ணன் டிராக்டர் இழுத்து, பாபநாசத்தில் அவிழ்த்து, மீதி வழி தம்பி டிராக்டர் இழுத்திருக்கிறது. முறை முறைதான். ஆனால் ஒரே இருக்கையில் உட்கார்ந்து உயிரைக் கொடுக்கத் தயாராக இருந்த இருவரும் அந்த வழியிலேயே பேச்சை நிறுத்திவிட்டிருந்தார்கள். யாருடைய ஆயிலால் இப்படி ஆனது என்ற பேச்சு கிளம்பி, அது முற்றி, சபதத்தில் போய் முடிந்திருந்தது.

பாய் வண்டிக்கு அடியில் சட்டியை வைத்து ஆயிலை இறக்கினார். சட்டி நிரம்பியது. இன்னொரு சட்டி வைத்தார். அதுவும் தளும்பியது. மூன்றாவதாக எதை வைப்பது என்று தெரியாமல், பையன்கள் கை கழுவும் வாளியை இழுத்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மேடம், இது வண்டியா, செக்கா?"

டர்போவைக் கழற்றினேன். அச்சு ஆடும் பல் போல ஆடியது. மாற்றித்தான் ஆக வேண்டும். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது கயல்விழி பின்பக்கம் வந்து நின்றாள். கோயில் வீதியில் அத்தனை நிதானமாகப் பேசியவள், இப்போது துப்பட்டாவின் நுனியைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான். ஆயில் தம்பியுடையது என்று தெரிந்தால் கல்யாண மண்டபத்துப் பக்கமே வராதே என்று அண்ணன் சொல்லிவிட்டார். ஆயில் அண்ணனுடையது என்று தெரிந்தால் நீங்களே வந்து கூப்பிட்டாலும் வரமாட்டேன் என்று தம்பி சொல்லிவிட்டார்.

"எப்படிப் பார்த்தாலும் சித்தப்பா வரமாட்டாங்க அக்கா. அது ரெண்டு பேருக்குமே உறைக்கல. எனக்கு சைக்கிள், வண்டி, கணக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தது சித்தப்பா. அவங்க இல்லாம நான் மணமேடை ஏற மாட்டேன். யாரு ஆயில்னு மட்டும் சொல்லிடாதீங்க."

பொய் சொல்லமாட்டேன் என்றேன். பொய் சொல்ல வேண்டாம், வேறு ஏதாவது உண்மை இருந்தால் சொல்லுங்கள் என்றாள். மறுபடி சொல்கிறேன், எனக்கு அந்தப் பெண்ணைப் பிடிக்கும்.

கவுண்டருக்கு வந்தேன். ஆதாரங்கள் மேஜை மேல் வரிசையாக இருந்தன. அண்ணன் தன் மாட்டுக்கொட்டகையில் வைத்திருக்கும் பீப்பாயிலிருந்து நல்லெண்ணெய் பாட்டிலில் ஆயில் கொண்டு வந்திருந்தார். அறுவடை மெஷினுக்கும் பம்ப்செட்டுக்கும் ஊற்றுகிற ஆயில், கவிழ்த்தால் நிதானமாக யோசித்து இறங்கும். தம்பி, ரேஸ் கார் படம் போட்ட காலி டப்பா ஒன்றை வைத்திருந்தார். பெட்ரோல் காருக்கானது. டப்பாவோடு இலவசமாக வந்த சிவப்புத் தொப்பியைத் தலையில் போட்டிருந்தார். நடுவில் பாய் நின்றார். இருவரும் அவர் வழியாகப் பேசிக்கொண்டார்கள்.

"பாய், அவன்கிட்ட சொல்லுங்க. நம்ம ஆயில் சேத்துல நின்னு உழைக்கிற ஆயில்."

"பாய், அவர்கிட்ட சொல்லுங்க. இது காரு. நாத்து நடப் போகாது."

"சொல்லியாச்சு, சொல்லியாச்சு" என்று பாய் இரண்டு பக்கமும் தலையைத் திருப்பினார். மின்விசிறி போல இருந்தது.

அண்ணன் என்னைப் பார்த்தார். "இன்ஜினியரம்மா, நீங்க படிச்சவங்க. ரெண்டுல எது கெடுத்துச்சு? அத மட்டும் சொல்லுங்க. நாங்க வேற ஒண்ணும் கேக்கல."

இந்த இடத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல நினைத்தேன். எதிரில் இருப்பவர் இரண்டு பதிலைக் கையில் கொடுத்து ஒன்றை எடு என்பார். நாம் படித்த பிள்ளைகள். கேள்வி என்று ஒன்று வந்தால் கை தானாகத் தூக்கிக்கொள்ளும். அந்தப் பாட்டிலைப் பற்றி நான் அரைமணி நேரம் குறை சொல்லலாம். அந்த டப்பாவைப் பற்றியும் அரைமணி நேரம் சொல்லலாம். எல்லாமே சரியாக இருக்கும், ஒன்றுகூட அந்த வண்டி ஏன் ஓட்டம் பிடித்தது என்பதைச் சொல்லாது. ஆகவே நான் எதையும் எடுக்கவில்லை. அவர்களைப் பின்பக்கம் கூட்டிப்போய், நிரம்பி நின்ற இரண்டு சட்டியையும் வாளியையும் காட்டினேன். இந்த இன்ஜினின் கொள்ளளவு முதல் சட்டியோடு சரி என்றேன். பிறகு கேட்டேன்.

"வண்டிய ஒப்படைக்கும்போது ஆயில் ஊத்துவீங்களா?"

அண்ணனுக்குக் கோபமே வந்துவிட்டது. "ஊத்தாம விடுவனா? கோடு வரைக்கும் இருந்தாலும் அதுக்கு மேல ஒரு சொம்பு ஊத்தித்தான் அனுப்புவேன். தலை தட்டி அளந்து கொடுக்கிற பரம்பரை இல்லைங்க நாங்க."

வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே நெல்லை மரக்காலில் அளக்கும்போது, விளிம்போடு வழித்துச் சமமாக்கினால் அது தலை தட்டி அளப்பது. வியாபாரிக்கு அப்படித்தான் போடுவார்கள். சொந்தக்காரருக்கு, வேண்டியவருக்கு, மேலே கோபுரமாகக் குவித்துப் போட வேண்டும். தலை தட்டிக் கொடுத்தவரைப் பற்றி ஊரில் வேறு பேச்சே வேண்டாம். ஆயில் குச்சியின் மேல் கோடு கலியபெருமாளுக்கு மரக்காலின் விளிம்பாகத் தெரிந்திருக்கிறது. கோட்டோடு நிறுத்தினால் தம்பி என்ன நினைப்பான்?

"சரிங்க. நீங்க ஒப்படைக்கிறது எப்போ?"

"பௌர்ணமிக்குப் பௌர்ணமி."

தம்பி தொப்பியைச் சரிசெய்தார். சட்டியைப் பார்த்தார். பிறகு, தன் வகுப்பில் பின் பெஞ்சில் மாட்டிக்கொண்ட பையன் பேசுவது போல மெதுவாகச் சொன்னார்.

"நான் அமாவாசைக்கு அமாவாசை ஊத்துவேன் மேடம். கோட்டுக்கு மேலதான். கொஞ்சம் தாராளமாவே."

அங்கே நின்ற ஐந்து பேரும் சட்டியையும் வாளியையும் பார்த்தோம். வாளியின் பிடியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.

"அப்ப ஊறல" என்றார் பாய்.

ஓராண்டுக்கு மேல் இருவரும் தனித்தனியாக இதைச் செய்திருக்கிறார்கள். மற்றவர் ஒரு சொட்டும் ஊற்றுவதில்லை என்று இருவருக்கும் நிச்சயம். தன் ஆயில் உயர்ந்தது, அதனால்தான் குறையவில்லை என்றும் இருவருக்கும் நிச்சயம். பௌர்ணமிக்கு ஒரு சொம்பு, அமாவாசைக்கு ஒரு சொம்பு. இன்ஜின் பாவம், தன்னால் முடிந்ததை எரித்துப் புகையாக விட்டுப் பார்த்திருக்கிறது.

"சார் கணக்கு வாத்தியார்ங்களா?" என்று பாய் கேட்டார். நான் அவரை முறைத்தேன்.

பிறகு கயல்விழி கேட்ட அந்த வேறு உண்மையைச் சொன்னேன். "ரெண்டு ஆயிலுமே இந்த வண்டிக்கு ஆகாது. ஆனா இன்னைக்கு நடந்ததுக்குக் காரணம் அது இல்ல. கையேட்டுல போட்ட சரியான ஆயிலையே இவ்வளவு ஊத்தியிருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும். கெடுத்தது ஆயில் இல்ல, அளவு. அதுல அண்ணன் சொம்பு எது, தம்பி சொம்பு எதுன்னு எந்த லேப்லயும் பிரிக்க முடியாது."

கலியபெருமாள் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். சபதம் நிற்க இடமில்லாமல் நிற்பது தெரிந்தது. பிறகு, பாயைத் தாண்டி, நேராகத் தம்பியிடம் கேட்டார்.

"நீ எதுக்குடா ஊத்துன?"

"அண்ணன் வீட்டுக்கு அனுப்புற வண்டிய வெறுமனே அனுப்பவா சொல்றீங்க?"

அண்ணன் மேல் துண்டை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். ஆயில் நெடி என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். கயல்விழி என் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கிளம்பும்போது அண்ணன் தம்பியின் தலையைப் பார்த்தார்.

"கல்யாணத்தன்னைக்கு இந்தத் தொப்பியப் போட்டுக்கிட்டு வந்து நிக்காத. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்னமோ ஏதோன்னு நினைச்சுக்குவாங்க."

தம்பி தொப்பியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தார். கயல்விழி மூச்சை விட்டாள்.

புது டர்போ போட்டு, உள்ளே எல்லாம் சுத்தம் செய்து, சரியான ஆயிலை ஊற்றினோம். ஆனால் அண்ணன் தம்பி இருவரும் மாறிவிட்டார்கள் என்று நான் நம்பவில்லை. தாராளம் ஒரு நாளில் போகிற பழக்கமில்லை. பாயும் நம்பவில்லை. அவர் ஆயில் மூடியைச் சுற்றி ஒரு பச்சைக் கயிற்றைக் கட்டினார். "இது நாகூர்ல வாங்குன கயிறு. சர்வீஸுக்கு இங்க வந்தாத்தான் அவுக்கணும்" என்றார். பாய் நாகூர்க்காரர். இருவரும் கயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நாகூரில் எங்கே வாங்கினீர்கள் என்று பிறகு நான் கேட்டதற்கு, பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஹார்டுவேர் கடையில் என்றார். கயிறு இன்னும் அவிழவில்லை. குச்சியில் ஆயிலும் மேல் கோட்டுக்குக் கீழேயே நிற்கிறது.

ஆகவே, நான்காவது. எவ்வளவு ஊற்றுவது? குச்சியில் இரண்டு கோடு இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருந்தால் போதும், மேல் கோட்டைத் தாண்டக் கூடாது. எவ்வளவு என்று கேட்ட கையோடு, உங்களைத் தவிர வேறு யாராவது ஊற்றுகிறார்களா என்றும் கேளுங்கள். இந்தப் பக்கத்து வீடுகளில் கட்டாயம் கேளுங்கள். எந்த ஆயில் என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளலாம். எத்தனை பேருக்குப் பிரியம் அதிகம் என்பது எந்தக் கையேட்டிலும் இருக்காது.

கல்யாணத்துக்கு நானும் பாயும் போயிருந்தோம். கும்பகோணத்தில் மண்டபம். கயல்விழி சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு மேடை ஏறினாள். அவர் தலையில் தொப்பி இல்லை. பந்தியில் எங்கள் இரண்டு பேரையும் அடுத்தடுத்து உட்காரவைத்தார்கள். கலியபெருமாள் தானே பாயச வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து, "இன்ஜினியரம்மாவுக்கு" என்று சொல்லி இலை நிறைய ஊற்றினார். போதும் என்று நான் சொன்னது அவர் காதில் விழவில்லை. அவர் அடுத்த வரிசைக்குப் போனதும் எதிர்ப்பக்கத்திலிருந்து செல்வராசு இன்னொரு வாளியோடு வந்தார். மேடம் இலையில் யாரும் சரியாக ஊற்றவில்லை போல என்று வருத்தப்பட்டு, அதன் மேல் கோபுரமாக ஊற்றினார். பாயசம் அப்பளத்தைத் தூக்கிக்கொண்டு சாம்பாரைக் கடந்து என் மடியை நோக்கி வந்தது. அண்ணன் திரும்பி வந்துகொண்டிருந்தார். குச்சியில் இருப்பது போல இலையில் ஒரு மேல் கோடு இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். பாய் தன் இலையின் மேல் இரண்டு கையையும் அகல விரித்து, ஓர் இடுக்கு விடாமல் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாய அடைச்சாத்தான் நிக்கும் மேடம்" என்றார்.